12 என்ற எண்ணும் தடைக்காலத்துச் சார்ஜரும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். வலை, எஞ்சின், பெயின்ட் எல்லாம் அப்போதுதான் சரிபார்க்கப்படும். பேட்டரி பலருக்கும் நினைவுக்கு வருவது ஜூன் நடுவில் செல்ஃப் எடுக்காதபோதுதான். உடனே ஒரு சார்ஜர் தேடுவார்கள். அட்டையில் '12 வோல்ட்' என்று இருந்தால் போதும், வாங்கிவிடுவார்கள்.

அந்த எண்ணை நம்பி வாங்கக் கூடாது. ஈய அமில பேட்டரியில் ஆறு செல். முழுச் சார்ஜில், ஓய்ந்த நிலையில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. மீட்டரில் சரியாக 12 வந்ததென்று திருப்தி அடைபவரிடம் இருப்பது முக்கால்வாசி தீர்ந்த பேட்டரி. அதற்குச் சார்ஜ் ஏற 14.4 வோல்ட் அளவு வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் நான்கு செல். பெரும்பகுதி நேரம் 13-ஐ ஒட்டியே நிற்பதால் வோல்ட்டைப் பார்த்து மிச்சம் சொல்வது கடினம். மூன்று செல் கொண்ட சாதாரண லித்தியம் அயானோ 12.6-க்கு மேல் போகவே கூடாது. அதை ஈய அமிலச் சார்ஜரில் மாட்டினால், 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத செல்லுக்கு 4.8 கிடைக்கும். உள்ளிருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் துண்டிக்காவிட்டால் தீதான். இந்த மூன்றுமே கடையில் '12 வோல்ட்' பேட்டரிகள்!

பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜருக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய உண்டு. கனம், எளிமை, எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம்; உப்புக்காற்றையும் தாங்கும். செத்தே போனதுபோல் கிடக்கும் பேட்டரிக்கும் கரண்ட் தள்ளும். ஆனால் எங்கே நிறுத்துவதென்று அதற்குத் தெரியாது. மே மாத வெயிலில் இந்தக் குறை பெரிது: 25 டிகிரிக்குச் சொல்லப்படும் 14.4 வோல்ட்டை 35 டிகிரியில் கால் வோல்ட் அளவு குறைக்க வேண்டும். குறைக்காமல் இரவெல்லாம் விட்டால் டிஸ்டில்டு வாட்டர் கொதித்துத் தீரும், தகடு உதிரும். ஆட்டோமேட்டிக் சார்ஜர் தானே இறங்கி 13.5 அருகில் நின்றுகொள்ளும். அடியோடு இறங்கிய பேட்டரியைச் சில மாடல்கள் ஏற்பதில்லை என்பதும், அதன் போர்டை உப்பு அரிக்கும் என்பதும் உண்மையான குறைகள்.

அப்படியானால் 61 நாளும் சார்ஜரில் போட்டுவைப்பதா? தேவையில்லை. வயரைக் கழற்றிவைத்த நல்ல ஈய அமில பேட்டரி வெயில் காலத்தில் மாதம் பத்து சதவீதம்போல இழக்கும். இரண்டு மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முதலில் முழுக்க ஏற்றி, நடுவில் ஒருமுறை ஏற்றினால் போதும். அரைகுறையாக விட்ட பேட்டரிதான் சல்ஃபேட் படிவு பிடித்துக் கெடுகிறது. விலை கூடிய சார்ஜருக்காகச் சொல்லப்படும் 'எப்போதும் மாட்டியே வைக்கலாம்' என்ற வாதம் இங்கே பாதி வலுவிழக்கிறது. மிஞ்சும் வாதம் ஒன்றே, ஆனால் அதுவே போதுமானது: சரியான இடத்தில் நிற்கத் தெரிந்த சார்ஜர் வேண்டும்.

ஆகவே விசைப்படகுக்கு ஈய அமில பேட்டரியே இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடுகிறது. ஆழமாகக் காலிசெய்து மீண்டும் நிரப்பும் லித்தியத்தின் பலம் அங்கே பயன்படப்போவதில்லை. சார்ஜர் ஆட்டோமேட்டிக், ஆம்பியர் பேட்டரியின் பத்தில் ஒரு பங்கு: 100 ஏ.எச்.-க்கு 10 ஆம்பியர். அதைக் கரையில், காற்றோட்டமான அறையில் வைக்க வேண்டும். இரண்டு பேட்டரி சேர்ந்த 24 வோல்ட் என்றால் தனித்தனியாகப் பிரித்து ஏற்றுவதே நல்லது. சமநிலையில் இல்லாத இரண்டைச் சேர்த்து ஏற்றினால் ஒன்று பொங்கும், மற்றொன்று பட்டினி கிடக்கும்.

ஆல்டர்னேட்டர் இல்லாத வள்ளம் வேறு கணக்கு. இரவு முழுக்க விளக்கும் ஜி.பி.எஸ்.ஸும் ஓடிக் காலையில் காலியாகும் பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதற்கே உரிய 14.6 வோல்ட் சார்ஜருடன், கொடுக்கும் காசுக்குத் தகும். முழுச் சார்ஜ் எத்தனை வோல்ட் என்று உறையில் அச்சிடாத பேட்டரியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.