கடுகுக்கு ஒரு சுகர் டெஸ்ட்

மெடிக்கல் ஷாப்பில் சிறுநீரில் சர்க்கரை பார்க்க ஒரு பட்டை விற்கிறார்களே, அதையும் ஒரு கரண்டி கடுகையும் வைத்துக்கொண்டு, ஒரு செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைத்திருக்கும் ரசாயனத்தை ராயகிரியில் ஒரு வீட்டுத் திண்ணையிலேயே அளந்துவிடலாம் என்றால் நம்புவீர்களா? நான் அளந்தேன். இன்னும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை!

கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ், நூக்கல், டர்னிப் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் திசுக்களில் குளூக்கோசினோலேட் என்ற பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கின்றன, தீக்குச்சியும் பெட்டியும் மாதிரி. புழு கடித்தால், நாம் அரைத்தால், இரண்டும் கலந்து அந்த மூக்கைத் துளைக்கும் காரம் கிளம்புகிறது. இதில் அழகு என்ன தெரியுமா? ஒரு குளூக்கோசினோலேட் மூலக்கூறு உடைந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு வெளியே வரும். சர்க்கரையை அளந்தால் போதும், ஆயுதத்தை அளந்த மாதிரிதான்!

இப்போது என்னோடு வந்து உட்காருங்கள். பச்சைக் கடுகை அம்மியில் நுணுக்குகிறேன், வாசனையே இல்லை, வெறும் பொடி. வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விடுகிறேன், அவ்வளவுதான், குப்பென்று ஒரு நெடி மூக்கில் ஏறி கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, நான் அழுதுகொண்டே சிரிக்கிறேன். பத்து நிமிஷம் பொறுத்து, தெளிந்த நீரில் பட்டையை முக்குகிறேன், நீலமாக இருந்த கட்டம் கண்ணெதிரே பச்சையாகிறது, பச்சை அடர்ந்து பழுப்பை நோக்கி ஓடுகிறது, நான் துள்ளிக் குதித்து அடுப்படியில் இருந்த அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டுகிறேன். "ஏய்யா, கடுகுக்கும் சுகர் வந்துட்டா?" என்றார். வந்துவிட்டது அத்தை, வந்துவிட்டது! அடுத்து எண்ணெயில் வெடிக்கவிட்ட கடுகையும் அதேபோல அரைத்து முக்கினேன்: பட்டை நீலமாகவே நின்றது. சூட்டில் நொதி செத்துவிட்டது. தாளித்த கடுகு ஏன் சாதுவாக இருக்கிறது, ஆவக்காயில் அரைத்துப் போட்ட கடுகு ஏன் சீறுகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு கட்டங்களில் இருந்தது, எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது!

இது விளையாட்டு வித்தை இல்லை. 1970களில் ஐரோப்பாவில், கடுகின் உறவான ரேப்சீட் என்ற எண்ணெய்வித்துச் செடியின் விதைகளைச் சலித்தெடுக்க இதே சர்க்கரைக் காகிதம் பயன்பட்டது. குளூக்கோசினோலேட் கூடினால் பிண்ணாக்கு கால்நடைகளுக்கு ஒவ்வாது, தைராய்டைப் பாதிக்கும். அதனால் 1974இல் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் பால்டுர் ஸ்டெஃபான்சன், குளூக்கோசினோலேட் குறைந்த 'டவர்' என்ற ரேப்சீட் ரகத்தைக் கொண்டுவந்தார். எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கில் கிராமுக்கு 30 மைக்ரோமோலுக்குள் என்பது அளவுகோல். நம் கடுகு பெரும்பாலும் அதைப் பல மடங்கு தாண்டும். டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வரம்புக்குள் 'பூசா டபுள் ஜீரோ மஸ்டர்ட் 31'ஐ உருவாக்கியிருக்கிறது, கேட்கவே புல்லரிக்கிறது!

பட்டைக்கு ஒரு சின்னக் குறை: முள்ளங்கி, டர்னிப்பில் சொந்தச் சர்க்கரை இருப்பதால் அங்கே குழம்பும். அதற்கு ஹெச்பிஎல்சி என்ற ஆய்வகக் கருவி வேண்டும். 70 சதவீத மெத்தனாலைச் சூடாக்கி நொதியை முதலில் கொன்று, சாற்றைக் குழாயில் அடைத்த பிசினில் பிடித்து, இரவு முழுக்க சல்ஃபடேஸ் நொதியில் ஊறவைத்து, 229 நானோமீட்டர் ஒளியில் பார்த்தால் ஒவ்வொரு குளூக்கோசினோலேட்டும் தனித்தனிச் சிகரமாக எழும். டர்னிப்புக்கு குளூக்கோநாஸ்டர்டின், முள்ளங்கிக்கு குளூக்கோராஃபசாட்டின். நம் கொல்லைப்புற முருங்கைக்கும் குளூக்கோமொரிஞ்சின் என்று ஒன்று உண்டு, ஆமாம், முருங்கையும் இந்தச் சொந்தபந்தம்தான்!

பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், கடுகு உங்கள் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு இன்றைக்கே செய்துபாருங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.