எம்டனின் கரியறை

1914-ல் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் க்ரூசர் எம்டனின் மாடலைப் பார்க்க வருகிறவர்களின் கண் நேரே புகைபோக்கிக்குப் போகும். மூன்றா, நான்கா? பினாங்குக்குள் நுழைந்தபோது நிறுத்தியிருந்த போலிப் புகைபோக்கி எங்கே? அடுத்து 10.5 செ.மீ. பீரங்கிகளை எண்ணுவார்கள். பத்தும் இருந்தால் திருப்தி. இதை எழுதும் கன்னிவாடிக்காரருக்கு அந்தத் திருப்தி ஒருநாளும் வந்ததில்லை. வயிற்றைத் திறந்து காட்டாத எம்டன் பாதி எம்டன்தான்.

காரணம் உண்டு. எம்டனையும் அதன் சகோதரிக் கப்பல் ட்ரெஸ்டனையும் அருகருகே வைத்தால் தேர்ந்த கண்ணே தடுமாறும். ரெவெல் நிறுவனம் 1:350 அளவில் இரண்டையும் வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 34 செ.மீ. நீளம். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ட்ரெஸ்டனில் டர்பைன், நான்கு சுழலிகள். எம்டனில் பிஸ்டன் அடிக்கும் இரண்டு டிரிபிள் எக்ஸ்பேன்ஷன் எஞ்சின்கள், இரண்டு சுழலிகள். பிஸ்டன் எஞ்சினோடு கட்டப்பட்ட கடைசி ஜெர்மன் க்ரூசர் அது. மேல்தளத்தை எத்தனை நுணுக்கமாகச் செய்தாலும் அதில் எம்டனுக்கே உரியதென்று சொல்ல அதிகம் இராது.

எஞ்சினைச் செய்ய வழி இல்லாமலும் இல்லை. 1892-ல் நீரில் இறக்கப்பட்ட அமெரிக்கக் க்ரூசர் ஒலிம்பியா பிலடெல்பியாவில் இன்றும் நிற்கிறது, அதே வகை எஞ்சின்கள் உள்ளேயே இருக்க. எம்டனின் எஞ்சின் அச்சு அசலாக அப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் கனெக்டிங் ராடு எவ்வளவு தடிமன், இரும்பு நடைமேடை எவ்வளவு குறுகல், கைப்பிடிக் கம்பி எங்கே வளைகிறது என்பதெல்லாம் ஒலிம்பியாவின் படங்களிலிருந்து பிடிபடும்.

எஞ்சினையும் விட்டுவிடலாம். இந்தக் கப்பலின் உயிர் கரியறையில்.

எம்டனை வெள்ளை உடலும் மஞ்சள் மேற்கட்டுமானமுமாகச் செய்து ‘கிழக்கின் அன்னம்’ என்று பெயர் எழுதி வைப்பவர்கள் உண்டு. சிங்தாவோ துறையில் அமைதிக்காலத்தில் நின்ற எம்டன் அப்படித்தான் இருந்தது, தப்பில்லை, அழகும்கூட. ஆனால் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்தது அந்த அன்னம் அல்ல. சாம்பல் நிறம் பூசி, வாரக்கணக்கில் நடுக்கடலில் கரி ஏற்றி, உடம்பெல்லாம் கறுத்த கப்பல் அது. சுமார் 130 குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பற்றவைத்துவிட்டுப் போனது. ஒதுங்கிக் கரி ஏற்ற அதற்குச் சொந்தத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. கூட வந்த கரிக்கப்பல் மார்க்கொமானியாவிடமிருந்தும் பிடிபட்ட கப்பல்களிடமிருந்தும் மூட்டை மூட்டையாக வாங்கித்தான் ஓடியது. கரியறைகளின் கொள்ளளவு சுமார் 860 டன். அது நிறைந்த பிறகும் மேல்தளத்தில் குவித்தார்கள். கோகோஸ் தீவில் நவம்பர் 9 அன்று அடிவானத்தில் புகை தெரிந்தபோது, கரி கொண்டுவரும் ப்யூரெஸ்க்தான் வருகிறது என்று முதலில் நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி.

இங்கேதான் மாடல் செய்பவருக்குச் சங்கடம். அந்தக் காலக் க்ரூசர்களில் கரியறைகள் பக்கவாட்டில், கொதிகலன்களுக்கு வெளிப்புறமாக இருக்கும். எதிரியின் குண்டு முதலில் கரிக்குவியலில் புதையட்டும் என்பது கணக்கு. கொதிகலன்களைக் காட்டப் பக்கத்தகட்டை வெட்டி எடுத்தால், கூடவே கரியறையும் போய்விடுகிறது. பெரும்பாலானோர் அப்படியே செய்கிறார்கள். பன்னிரண்டு கொதிகலன்களும் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றுக்குத் தீனி எங்கிருந்து வந்தது என்பது தெரிவதில்லை. முழுக்கப்பலை நெடுக்கே பிளக்கும் கட்சிக்கு மரியாதையோடு ஒரு மாற்று: கொதிகலன் அறை வரும் இடத்தில் குறுக்கே ஒரு துண்டு மட்டும் எடுத்து 1:48-ல் செய்யலாம். 13.5 மீட்டர் அகலம் 28 செ.மீ. ஆகும். நடுவில் உலை, இருபுறமும் கரி, அதை அள்ளி வரும் சிறு கதவு, மேலே கவசத்தளம், அதற்கும் மேலே பீரங்கி. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டை உள்ளே இருக்கும் வேலைப்பாட்டை வைத்து மதிப்பிடுவதுபோல, இந்த ஒரு துண்டை வைத்தே செய்தவரின் கையை மதிப்பிட்டுவிடலாம்.

திண்டுக்கல் ஜங்ஷனில் மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கரியின் குணம் தெரியும். அது ஓரிடத்தில் இருக்காது. ஃபயர்மேனின் கழுத்தில், தண்ணீர்க் குவளையில், ஜன்னலோரம் உட்கார்ந்தவரின் கண்ணில் எல்லாம் இருக்கும். இப்போது வரும் உள்ளமைப்பு மாடல்களில் அது சுத்தமாக இல்லை. முப்பரிமாண அச்சில் எடுத்த கொதிகலன், வாங்கிய நாளின் பளபளப்போடு நிற்கிறது. எல்லா அறையிலும் எல்.இ.டி. வெளிச்சம் நகைக்கடை அளவுக்கு. கொதிகலன் அறையில் வெளிச்சம் தந்தது உலைக்கதவும் ஒன்றிரண்டு மங்கலான விளக்கும்தான். கதவு திறந்த இடத்தில் மட்டும் ஒரு சிவப்பு பல்பு போதும். மற்றதை இருட்டிலேயே விடுகிற துணிச்சல் பழைய கைகளுக்கு இருந்தது.

சென்னையில் எம்டனுக்கு நினைவாக இருப்பது உயர்நீதிமன்றச் சுவரில் ஒரு கல்வெட்டும் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு குண்டுச் சிதறலும். இரண்டும் குண்டு விழுந்த இடத்தைப் பற்றியவை. அது புறப்பட்ட இடத்தைக் காட்ட, அந்தச் சிதறலுக்குப் பக்கத்திலேயே கொதிகலன் அறைத் துண்டு ஒன்றை வைக்கலாம்.

செய்ய முனைகிறவர்கள் கறுப்புப் பெயின்ட் அடித்த மணலைத் தவிர்க்க வேண்டும். நிஜக் கரியை நுணுக்கிச் சலித்துப் போட்டால்தான் விளிம்புகள் சரியாக உடையும். பளபளக்கும் ரகம் கிடைத்துவிட்டதென்று சந்தோஷப்பட்டு அதையே நிரப்பிவிடவும் கூடாது. அந்த ரகமான நல்ல வேல்ஸ் கரி 6,600 டன்னோடு ப்யூரெஸ்க் பிடிபட்டது செப்டம்பர் 27-ல்தான். சென்னை இரவுக்கு அது ஐந்து நாள் பிந்திய சரக்கு.