விடியற்கால க்ஷவரம்

1934-ல் சிமெண்டு ஆலை எழக் காரணமாயிருந்த அதே சுண்ணாம்புக் கல்தான் கோவையை அடுத்த மதுக்கரையின் கிணற்று நீரைக் கடினமாக்கி சோப்பை நுரைக்க விடாமல் தடுக்கிறது என்பதால், க்ஷவரத்துக்கென்று ஒரு செம்பு நல்ல தண்ணீரை முந்தின இரவே எடுத்து வைப்பது எங்கள் வீட்டுச் சம்பிரதாயம்.

பாலக்காட்டுக் கணவாயின் காற்று சன்னலைத் தொடும் விடியலில், வெந்நீரில் ஊறிய பிரஷைக் கிண்ணத்துச் சோப்பில் சுழற்றி, வெண்ணெய் போலத் திரண்ட நுரையைக் கன்னத்தில் பூசி, கையின் பலத்தைச் சிறிதும் சேர்க்காமல், ரேஸரின் சொந்த பாரத்தாலேயே, மயிர் வளர்ந்த திசையில் சற்றே சாய்வாக அதனை இறக்கும்போது எழும் அந்த மெல்லிய சரசரப்பு, மனத்தை ஏகாக்கிரப்படுத்தும் நாதமாகும். முடிவில் குளிர்ந்த நீரும், ஈரப் படிகாரத்தின் இதமான எரிச்சலும்!

அமெரிக்கரான ஜில்லெட் 1904-ல் காப்புரிமை பெற்ற இந்த ரேஸருக்குப் பின்னர், நம் கோவையின் ஜி. டி. நாயுடு 'ரேசண்ட்' என்னும் மின்சாரச் சவரக் கருவியையே படைத்தார். அந்த மேதையை வணங்குகிறேன். ஆயினும், அவசரமே தர்மமாகிவிட்ட இக்காலத்தில், தன் முகத்தைத் தானே பொறுமையுடன் நோக்கும் அந்தப் பத்து நிமிஷங்களை எனக்கு அருள்வது, நீரும் நுரையும் எஃகும் கூடிய இந்த எளிய நித்திய கர்மமே.