கேஸ் என்ற ஒற்றைச் சொல்

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் அம்மா கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் விரியத் திறந்துவைப்பார். கசிந்த கேஸ் தரையோடு படியும் என்பது அவருக்கு அனுபவப் பாடம். 14.2 கிலோ சிலிண்டருக்குள் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. குழாய் வழியே வீடுகளுக்கு வரும் இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். அது காற்றைவிட இலேசு. கசிந்தால் கூரைக்கு ஏறும், வெளியேற மேலே திறப்பு வேண்டும். இரண்டுக்கும் நம் வாயில் ஒரே பெயர்: கேஸ். செய்தித்தாளில் அதுவே எரிவாயு.

தொழிற்சாலைக்குள் இந்தக் குழப்பம் இல்லை. அங்குள்ள கலைச்சொற்கள் உயிரையும் கணக்கையும் காப்பதற்காகவே பிறந்தவை. ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்த வாயுவை 'சவர் கேஸ்' என்பார்கள். அமீன் கரைசலில் கழுவி அதை நீக்கிவிட்டால் 'ஸ்வீட் கேஸ்'. அளவு கூடினால் ஹைட்ரஜன் சல்பைடு மூக்கின் மோப்பத்தையே மழுங்கடித்துவிடும். ஆபத்தில் நிற்பவருக்கு நாற்றமே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் பலகையில் எழுதிய ஒரு சொல் ஆளைக் காப்பாற்றும். இந்தச் சுருக்கத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்தச் சொற்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் விதம் கவலை தருகிறது. 'வெட் கேஸ்' என்பதை 'ஈர வாயு' என்று எழுதினால், படிப்பவர் தண்ணீரைத்தான் நினைப்பார். அங்கே பேச்சு பெரும்பாலும் தண்ணீரைப் பற்றியதல்ல. குளிர்ந்தால் திரவமாகும் ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் போன்றவை கலந்திருப்பதைப் பற்றியது. 'திரவமாகும் பொருள் மிகுந்த வாயு' என்று எழுதினால் கொஞ்சம் நீளும், ஆனால் புரியும்.

இதைவிடப் பெரிய குழப்பத்தை எங்கள் புதுக்கோட்டை மாவட்டமே பார்த்தது. 2017 பிப்ரவரி 15 அன்று எண்ணெய், எரிவாயு எடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 31 ஒப்பந்தப் பகுதிகளில் ஆலங்குடி வட்டத்து நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர் திரண்டது. 'மீத்தேன் திட்டம் வேண்டாம்' என்றார்கள் மக்கள். 'இது மீத்தேன் திட்டமல்ல, ஹைட்ரோகார்பன் திட்டம்' என்று அரசுத் தரப்பிலிருந்து பதில் வந்தது. மீத்தேனே ஹைட்ரோகார்பன்களில் மிக எளியது. ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். அந்தப் பதில் எதையும் தெளிவாக்கவில்லை.

மக்கள் தரப்பிலும் சொல் வழுக்கியது. மன்னார்குடிக்காக 2010-இல் ஒப்பந்தமானது நிலக்கரிப் படுகை மீத்தேன். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று எதிர்த்தது அதைத்தான். அந்த முறையில் நிலக்கரி அடுக்கிலிருக்கும் நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். நிலத்தடி நீர் பற்றிய அச்சம் அங்கிருந்து வந்தது. வழக்கமான எண்ணெய், எரிவாயுக் கிணற்றில் அப்படி இறைக்கும் வேலை இல்லை. கசிவு, கழிவுநீர், நிலம் கெடுவது என்று அதன் தீங்குகள் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் எதிர்த்ததில் வாதத்தின் கூர்மை குறைந்தது.

ஆனாலும் பழியைச் சமமாகப் பிரிக்க எனக்கு மனமில்லை. 2016-இல் வந்த ஹைட்ரோகார்பன் தேடல், உரிமக் கொள்கை ஒரே உரிமத்தில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றையும் அடக்கியது. நெடுவாசல் ஏலம் போன சிறு எண்ணெய், எரிவாயு வயல் கொள்கையிலும் இதே ஒற்றை உரிமம்தான். வேதியியலில் 'ஹைட்ரோகார்பன்' ஒரு பொருள் வகையின் பெயர். அரசாணையில் அது எதையும் எடுக்கலாம் என்ற அனுமதியின் பெயர். பலாவும் கடலையும் விளையும் செம்மண் நிலத்துக்காரர், 'நாளை என் வயலில் எதை எடுப்பீர்கள்?' என்று கேட்டது அறியாமையல்ல. அந்தச் சொல்லின் அகலத்தை அவர் சரியாகவே அளந்துவிட்டார்.

தமிழ்நாட்டின் 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இதில் மேலானது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு என்று அது தனித்தனியே பெயர் சொல்லித் தடுக்கிறது. எங்கள் மாவட்டத்தின் திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் அந்த மண்டலத்தில் உள்ளன. கிராமசபையில் வைக்கும் அறிவிப்புகளும் இப்படி எழுதப்பட வேண்டும்: என்ன வாயு, எந்த ஆழம், எந்த முறை, கசிந்தால் எங்கே சேரும்.

கடைசிக் கேள்வியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிலிண்டர் கசிந்தால் வரும் நாற்றம் கேஸின் சொந்த வாசனை அல்ல. எச்சரிக்கைக்காகச் சேர்க்கும் மெர்காப்டனின் நாற்றம். சுத்தமான மீத்தேனுக்கு மணமே கிடையாது. நாற்றம் சேர்க்காத நெடுந்தூரக் குழாய் ஒன்று வயலில் கசிந்தால், அருகில் நிற்பவர் 'வாசனையே வரலையே' என்றுதான் சொல்வார்.