வித்யா எதை விட்டு வந்தார்?

'நான் வித்யா' பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே மாதிரிதான் சுருக்கம் சொல்கிறோம்: எம்.ஏ. படித்தவர், பிச்சை எடுக்க நேர்ந்தது, அதிலிருந்து மீண்டு வேலைக்குப் போனார். இந்த 'மீண்டு' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. வெள்ளத்திலிருந்து மீளலாம், நோயிலிருந்து மீளலாம். தன்னைச் சேர்த்துக்கொண்ட மனிதர்களிடமிருந்து ஒருவர் மீள்வாரா என்ன?

லிவிங் ஸ்மைல் வித்யாவின் இந்தத் தன்வரலாறு 2007-இல் கிழக்கு வெளியீடாக வந்தது. பிள்ளைப் பருவத்தில் தொடங்காமல், கடப்பாவில் நடக்கும் நிர்வாணத்தில், அதாவது பெண்ணாக மாறும் அறுவை சிகிச்சையில் நேராகத் தொடங்குகிறது. அங்கே துணைக்கு வருவது பெற்றவர்கள் அல்ல, ஜமாத்து உறவுகள்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் நலவாரியம் அமைந்தது 2008-இல். மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014-இல். இரண்டும் இல்லாத நாளில் கூரை, உறவு, அறுவை சிகிச்சைக்கு வழி எல்லாம் ஜமாத் ஒன்றிடம்தான் இருந்தது. அதற்கு விலை, புனேயில் கடை கேட்பதும் ரயிலில் கை நீட்டுவதும். எங்கள் சாஃப்ட்வேர் துறையில் 'பண்டில்' என்போம். ஒன்று வேண்டாம் என்றால் மொத்தமும் கிடையாது. வித்யாவுக்குப் பிடிக்காமல் போனது பிழைக்கும் வழிதான். அதை விட, வீட்டையும் சேர்த்து விடவேண்டி வந்தது.

ரேவதியின் 'வெள்ளை மொழி'யைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். அவர் ஒரேயடியாக வெளியேறுவதில்லை. குருவின் வீடு, நாமக்கல் பக்கத்துப் பெற்றோர் வீடு, வேறொரு குரு, மறுபடி பெற்றோர் வீடு என்று அலைகிறார். எந்த வாசலும் முழுசாகத் திறப்பதில்லை, முழுசாக மூடுவதுமில்லை. பிரிவின் வலியை ரேவதி நின்று எழுதுகிறார். வித்யா வேலை தேடும் வேகத்தில் அதைக் கடந்துவிடுகிறார். பின்னால் விட்டுவந்த அம்மாக்களும் சகோதரிகளும் என்ன ஆனார்கள் என்று கேட்டபடிதான் நான் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். என் பார்வையில் புத்தகத்தின் குறை அதுதான்.

ஆனால் அந்தக் குறையை வைத்து 'நன்றி மறந்தவர்' என்று யாராவது முடிவு கட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பின்னாளில் அவரே சக திருநர் கலைஞர்களோடு சென்னையில் 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார். தன் மக்களோடு இருக்க வேறொரு முறையைத் தேடியவர் செய்கிற காரியம் அது.

2019 சட்டத்தின்படி இன்று மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்றிதழ் வாங்கலாம். அறுவை சிகிச்சை முடிந்த இரவில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதைச் சான்றிதழ் தீர்மானிக்காது. ஜமாத்தைக் குறை சொல்லுமுன் அந்தக் கடப்பா அத்தியாயத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வித்யாவைக் குறை சொல்லுமுன் புனே ரயில் பக்கங்களை.