எண்ணப்பட்ட விளக்குகள்: பட்டினத்து இரவும் பழவேற்காட்டு நெய்தல் குடிகளும்

ஆய்வுச்சுருக்கம்

பூம்புகாரின் கடற்கரைப் பகுதியைச் சிலப்பதிகாரமும் பட்டினப்பாலையும் இரவொளியில் காட்டுகின்றன. விளக்கு இரண்டிலும் உண்டு, பார்ப்பவர் வேறு. புகழ்பெற்றதொரு துறைமுகக் குடியிருப்பில் 'வாழ்தல்' யாருடைய அனுபவமாகப் பதிவாகிறது என்பதை இவ்வேறுபாட்டின் வழியே, பழவேற்காட்டு மீனவ ஊர்களோடு ஒப்புநோக்கி, இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாலை, பரதவர், இரவு, பழவேற்காடு, பாடு முறை.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தது முதல், மருவூர்ப்பாக்கம் பண்டைத் தமிழரின் நகர வளத்துக்குரிய சான்றாக எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது. மான்கண் போன்ற சாளரங்களையுடைய மாளிகைகள், யவனர் இருப்பிடங்கள், பல மொழி பேசுவோர் கலந்துறையும் கரை, பட்டினும் பருத்தியினும் நுண்வினை செய்யும் காருகர், ஓவியர், கன்னார், பொற்கொல்லர் என நீளும் அப்பட்டியலை, இக்காலத்தார் ஒரு நாகரிகப் பேட்டையின் வருணனையாகவே வாசித்துவிடலாம். கைவினையும் கடைத்தெருவும் இரவிலும் அணையாத ஒளியும் ஓரிடத்தில் கூடியுள்ளன. எனினும், 'வளம்' என்ற ஒரு சொல்லால் இப்பட்டியலை முடித்துவிடும் வாசிப்பு, அதன் உள்ளே மீன் விற்கும் பரதவரும் உப்பு விற்போரும் நிற்பதைக் கணக்கில் மட்டும் சேர்த்துக்கொண்டு கடந்துவிடுகிறது.

வண்டியிலிருந்து காணும் இரவு

கடலாடு காதையில் இவ்விரவு மீண்டும் வருகிறது. கோவலன் அத்திரியிலும் மாதவி வையத்திலும் ஏறி, விடியலுக்கு முந்திய இருளில் செல்வர் வீதிகளைக் கடந்து கடற்கரையை அடைகின்றனர். அங்கே இளங்கோவடிகள் விளக்குகளை வரிசையாக அடுக்குகிறார்: வண்ணமும் சாந்தும் விற்போர், கம்மியர், பிட்டும் அப்பமும் செய்வோர், கள் விற்கும் பெண்டிர், மீன் விற்போர், கலங்கரை விளக்கம், பரதவரின் திமில்கள், அயல்மொழியாளர், பண்டசாலைக் காவலர். நுண்மணலில் விழுந்த வெண்கடுகையும் கண்டெடுக்கலாம் என்னுமளவுக்கு அங்கே ஒளி நிறைகிறது.

இவ்வரிசையில் ஓய்ந்திருப்பவர் எவரும் இலர். ஒவ்வொரு விளக்கும் ஒரு தொழிலின் விளக்கு. ஆனால் அவற்றை ஒன்றுசேர்த்து 'காட்சி' ஆக்குவது, ஊர்தியில் கடந்துசெல்லும் இருவரின் கண். பிட்டு அவிப்பவளுக்குத் தன் அகல் மட்டுமே தெரியும். முழுவரிசை அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கரையின் அழகு அங்கு உறைவோருக்கன்றி, அங்கு வந்துபோவோருக்கே முழுமையாகக் கிடைக்கிறது. இதனைக் காப்பியத்தின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. மாதவியின் பிரிவு நிகழவிருக்கும் கானலுக்கு முன்னர் இத்தனை ஒளி தேவைப்படுகிறது. குறை, அப்பார்வையையே ஊரின் முழு உண்மையாக ஏற்ற ஆய்வுமரபினுடையது.

கடலிலிருந்து காணும் இரவு

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை பார்வையைத் திருப்பிவைக்கிறது. மகளிர் பட்டினைக் களைந்து மெல்லிய துகில் உடுத்துகின்றனர். கள்ளை விடுத்து மது அருந்துகின்றனர். பாடலும் நாடகமும் நிலவும் நுகர்ந்தோர் கடைச்சாமத்தில் கண்ணயர்கின்றனர். உடையிலும் குடியிலும் தெரிவு காட்டும் இந்த இரவு வாழ்க்கையின் நடுவே, வளைந்த திமிலையுடைய பரதவர் உயர்ந்த மாடத்தின் சுடர்களை நோக்கி எண்ணுகின்றனர் என்ற செய்தி வருகிறது. 'பரதவரது சுடரை மாடத்தார் எண்ணினர்' எனப் பொருள்கொள்ளவும் இடமுண்டு என்று சிலர்க்குத் தோன்றலாம். ஆனால் அடுக்கி வரும் எச்சங்கள் ஒவ்வொன்றும் தத்தம் எழுவாயோடு நிற்பதைக் கருதினால், எண்ணுவோர் பரதவரே.

எண்ணுதல் இங்கு வியப்பின் செயலா, தொழிலின் செயலா? கரையின் ஒளியைக் கொண்டு இடமும் பொழுதும் கணிப்பது கடலோடிகளின் வழக்கம். நகரம் களித்து உறங்கும் வேளையில் விழித்திருப்பவன் அந்நகரத்தின் ஒளியைத் தன் தொழிற்கருவியாக்கிக் கொள்கிறான். சிலம்பில் காட்சியின் ஓர் உறுப்பாக இருந்த பரதவர் இங்குக் காண்போராகின்றனர். இவ்வொரு தொடர், நெய்தல் குறித்த விரிவான இரங்கல் வருணனைகள் பலவற்றினும் கூர்மையானது.

பழவேற்காடு

பூம்புகாரும் பழவேற்காடும் ஒரே வரலாறு உடையன அல்ல. ஆயினும் துறைமுகத்தின் புகழுக்கும் மீனவ ஊருக்குமான இடைவெளியைப் பழவேற்காட்டில் கண்கூடாகக் காணலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்குக் கெல்டிரியா கோட்டையை நிறுவியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் இதுவே. சாயமிட்ட துணிகள் இங்கிருந்து தென்கிழக்காசியாவுக்குச் சென்றன, அடிமைகளும் கப்பலேற்றப்பட்டனர். மலாய் மொழியில் கட்டமிட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிகாட்' என்றே பெயர். ஓர் ஊரின் பெயர் கடல் கடந்து ஒரு துணி வடிவத்தின் பெயராக நிலைத்துவிட்டது. கோட்டை சிதைந்தது; செதுக்குவேலை மிகுந்த டச்சுக் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. பயணியர் காண வருவன இவையும் பூநாரைகளுமே.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்களின் வாழ்வோ 'பாடு' என்னும் முறையில் எழுதப்பட்டுள்ளது. ஏரியில் இறால் படும் இடங்களைச் சீட்டெடுத்து, முறைவைத்துப் பங்கிடும் மரபு இது. இறால் இருளில் நடமாடுவது; எனவே இரவு இவ்வூர்களுக்குக் களிப்பின் பொழுதன்று, பங்கின் பொழுது. இம்முறையைப் பொற்காலச் சமத்துவமாகப் புனைவதும் பிழையே. தலைக்கட்டாகக் கணக்கிடப்படும் ஆண்களுக்கே அதில் இடம். பெண்களும் பிற சமூகத்தாரும் வெளியே நிற்கின்றனர். எனினும், நீர்ப்பரப்பை உறைவிடமாக அறிந்தோரின் அறிவு இதில் உண்டு. அவ்வறிவு கல்லறைச் சிற்பத்தைப் போலக் காட்சிக்கு எளிதில் அகப்படாது.

இன்று தெற்கே கடலோரமாகத் தொழிலுக்குச் செல்லும் படகுகளின் முன் வேறு சுடர்கள் எரிகின்றன. எண்ணூரில் 2001இல் திறக்கப்பட்ட காமராசர் துறைமுகமும் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் இரவில் அணைவதில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் எதிர்த்து வருகின்றன. கடலரிப்பு, ஏரியின் முகத்துவாரம், மீன்வரத்து என அவர்கள் முன்வைக்கும் காரணங்கள் யாவும் நீரின்மேல் நின்று கரையை நோக்குவோரின் காரணங்கள். அவற்றை வெறும் முறையீடுகளாக ஒதுக்கும் வாசிப்பு, பட்டினப்பாலையில் எண்ணுவோரை விடுத்து மாடத்தை மட்டும் காணும் வாசிப்பினின்று பெரிதும் வேறுபட்டதன்று.