தொடக்க வகுப்புகளில் ஆங்கில முன்னிடைச்சொற்கள்: ‘இல்’ உருபை முன்வைத்து ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: முன்னிடைச்சொல், ஏழாம் வேற்றுமை, இடப்பொருள், தொடக்கக் கல்வி, இரண்டாம் மொழி

தமிழ்வழித் தொடக்க வகுப்புகளில் ஆங்கில முன்னிடைச்சொற்கள் பெரும்பாலும் ஒரே முறையில் கற்பிக்கப்படுகின்றன. ஒரு பெட்டி, ஒரு பந்து. பந்து பெட்டியின் உள்ளே, மேலே, கீழே, பின்னே என நான்கைந்து படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆங்கிலச் சொல். ஆசிரியர் தமிழில் பொருள் கூற, வகுப்பு திருப்பிச் சொல்லும். ‘இன் என்றால் இல், ஆன் என்றால் மேல்’ என்ற வாய்பாடு இவ்வாறு மனத்தில் பதிகிறது. இம்முறையின் எளிமை பாராட்டப்படுகிறது. ஆயினும் மாணவர்களின் பிழைகள் பல இவ்வாய்பாட்டிலிருந்தே பிறக்கின்றன என்பது உரிய கவனம் பெறவில்லை.

‘பெட்டியில் பந்து’, ‘சுவரில் பல்லி’, ‘விரலில் மோதிரம்’, ‘வாசலில் தாத்தா’ என்னும் நான்கு தொடர்களிலும் தமிழில் வருவது ‘இல்’ ஒன்றே. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘இன்’, அடுத்த இரண்டிற்கும் ‘ஆன்’, இறுதியதற்கு ‘அட்’. ‘இன் என்றால் இல்’ என்று கற்ற குழந்தை ‘இன் த வால்’ என்றோ ‘இன் த ஃபிங்கர்’ என்றோ எழுதினால், அது கற்றதை வழுவாமல் பின்பற்றியிருக்கிறது என்பதே உண்மை. சிவப்பு மையால் சுழிக்கப்படுவது குழந்தையின் பிழையன்று, வாய்பாட்டின் பிழை.

மொழிகள் இடத்தை ஒரே வகையாகப் பகுப்பதில்லை என்பது இன்று ஐயத்திற்கு இடமற்றது. சூன்ஜா சோய், மெலிசா பவர்மன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கிலம் ‘உள்ளே’, ‘மேலே’ எனப் பிரிக்கும் இடத்தில் கொரிய மொழி இறுக்கமாகப் பொருந்துதல், தளர்வாக இருத்தல் என வேறொரு கோட்டை வரைகிறது. குழந்தைகள் இரண்டு வயது நிறையும் முன்னரே தத்தம் மொழியின் கோட்டைப் பின்பற்றத் தொடங்குகின்றனர். அவ்வாறாயின் ஐந்து வயதில் பள்ளிக்கு வரும் தமிழ்க் குழந்தை இடம் பற்றிய ஒரு முழுமையான பகுப்புடனேயே வருகிறது. வெற்றுப் பலகையாகக் கருதி அதன்மேல் எழுத முனைவது பொருந்தாது.

அப்பகுப்பு வளமற்றதும் அன்று. ஏழாம் வேற்றுமை இடப்பொருள் உணர்த்தும் சொற்களாகத் தொல்காப்பியம் பத்தொன்பதையும் நன்னூல் இருபத்தெட்டையும் சுட்டுகின்றன. இவற்றுள் வழக்கொழிந்தவை பல. எஞ்சிய மேல், கீழ், உள், முன், பின் போன்றவை குழந்தையின் அன்றாடப் பேச்சில் உள்ளன. அவற்றுள் ‘மேல்’ ஒன்றை மட்டும் நோக்கினும் போதும். ‘மேசையின் மேல் விளக்கு’ என்னும்போது விளக்கு மேசையைத் தொட்டு நிற்கிறது. ‘மேசைக்கு மேல் விளக்கு’ என்னும்போது அது தொங்குகிறது. ஆங்கிலம் ‘ஆன்’, ‘அபவ்’ என இரு சொற்களால் செய்வதைத் தமிழ் நான்காம் வேற்றுமை உருபைச் சேர்த்தே செய்துவிடுகிறது. எல்லா வட்டாரப் பேச்சிலும் இவ்வேறுபாடு ஒரே கண்டிப்புடன் காக்கப்படுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் ‘தலைமேல் கூடை’, ‘தலைக்கு மேல் மின்விசிறி’ என்பவற்றை மாற்றிச் சொல்லும் குழந்தை அரிது. அக்குழந்தைக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியது கருத்தன்று, பெயர் மட்டுமே. ‘ஆன் என்றால் மேல், அபவ் என்றாலும் மேல்’ என்னும் பாடம் அது முன்பே அறிந்திருந்த வேறுபாட்டை அழித்துவிட்டு, பின் அதையே கடினமான பகுதி என்று அறிவிக்கிறது.

பெட்டிப் படம் ஒரு சோதனைக் கருவியாகவும் குறையுடையது. ஈவ் கிளார்க் 1973இல் காட்டியபடி, இடச்சொற்களின் பொருளை இன்னும் அறியாத சிறு குழந்தைகள் பொருளின் வடிவத்தைக் கொண்டே செயற்படுகின்றனர்: குழிவுள்ள பொருளெனில் உள்ளே வைப்பர், பரப்பெனில் மேலே வைப்பர். அந்நிலையில் சரியான விடை சொல்லறிவைக் காட்டாது. அவர் ஆராய்ந்தவர்கள் தாய்மொழி பயிலும் குழந்தைகள். எனினும் அயல்மொழிச் சொல்லை அரைகுறையாக அறிந்த மாணவரும் இதே வழியில் தப்பிவிட முடியும். கூடையைக் கவிழ்த்து வைத்து ‘ஆன் த பாஸ்கெட்’, ‘அண்டர் த பாஸ்கெட்’ எனக் கட்டளையிட்டுச் செய்யச் சொன்னால் வடிவம் விடையைக் காட்டிக்கொடுக்காது. இதற்குச் செலவும் இல்லை.

முன், பின், இடம், வலம் ஆகியவை வேறு வகையின. இவற்றைப் பெட்டிப் படத்தோடு ஒரே பாடத்தில் அடைப்பது தவறு. மரத்திற்கு முன் என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது; பேருந்திற்கு முன் என்பது பேருந்தின் முகத்தையும் பொறுத்தது. மேலும், தமிழ் பேசுவோருள் நாட்டுப்புறத்தார் சிலர் கைக்கெட்டும் பொருள்களுக்கும் கிழக்கு, மேற்கு எனத் திசை கூறும் வழக்கை எரிக் பெடர்சன் 1990களில் ஆராய்ந்துள்ளார். கரும்பலகைக்குத் தெற்கே பந்து இருப்பதாகக் கூறும் சிறுமிக்கு இடம் தெரியவில்லை என எந்த மதிப்பெண் பட்டியலும் முடிவுகட்டக் கூடாது.

தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் தமிழும் ஆங்கிலமும் கற்பிப்பவர் ஒரே ஆசிரியர். வேற்றுமை என்னும் பெயர் உயர்வகுப்பு வரை காத்திருக்கலாம். ‘மேசையின் மேல்’, ‘மேசைக்கு மேல்’ ஆகிய இரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, எது தொடுகிறது, எது தொடவில்லை என்று கேட்க அப்பெயர் தேவையில்லை. அவ்வினாவைத் தமிழ்ப் பாடவேளையில் கேட்டுவிட்டு, ஆங்கிலச் சொற்களை மறுநாள் அறிமுகப்படுத்தலாம்.